அட்டவணையில் ஏறிய சரிவு

ஆராய்ச்சி முடிவுகளை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். அந்தக் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பகிர்ந்ததும் கடமை முடிந்தது என்று அந்தக் குரலில் தொனிக்கும் நிம்மதிதான் உறுத்துகிறது. எல்லாருக்கும் என்றால் யாருக்கு? எந்த மொழியில்? யார் கைக்கு முதலில்? கைக்கு வந்ததை அவர்கள் எப்படி வாசிப்பார்கள்? கூட்டங்களில் இதைக் கேட்டால் தேநீர் வேளை நெருங்கிவிட்டதாகத் தலைவர் அறிவிப்பார். இந்தக் கேள்விகளை எனக்குக் கல்லூரி கற்றுத்தரவில்லை. போடி மலையில் ஏலச் செடிகளுக்கு நடுவே அவை வந்து சேர்ந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேளாண்மையில் மேற்படிப்பு முடித்துவிட்டு, மலைக் கணவாயான போடி மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் வீடு சிலமலை என்ற ஊரில். காலையில் பஸ்ஸில் போடிக்கு வந்து, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறுவேன். அவர்கள் மடியில் தூக்குவாளி இருக்கும். என் மடியில் பூதக்கண்ணாடியும் அளவு நாடாவும் எழுதும் அட்டையும்.

"டாக்டரம்மா, காலை மடக்குங்க. இன்னும் ரெண்டு பேரு ஏறணும்" என்பார் டிரைவர்.

செடிக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்பதால் டாக்டரம்மா. கிண்டல்தான். ஆனாலும் எனக்காக ஓர் ஓரத்து இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்.

என் வேலை தேமல் நோயைக் கணக்கெடுப்பது. மலையில் அதைக் கட்டை என்பார்கள். குருத்து இலையில் நரம்புக்கு இணையாக வெளிறிய கோடுகள் தோன்றும். பிறகு தூர் குறுகும், காய் குறையும், ஒரு கட்டத்தில் காய்ப்பே நின்றுவிடும். மருந்து கிடையாது. நோய் கண்ட தூரைத் தோண்டி அழிப்பதுதான் வழி. எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால்தான் எனக்கு யோசிக்க வரும். நோயைப் பற்றி நான் மனத்தில் வைத்திருந்த வரிசை இது: ஒன்று, நோயுள்ள தூரிலிருந்து பிரித்து நடும் தட்டையில் நோயும் கூடவே போகும். இரண்டு, அசுவினிப் பூச்சி பக்கத்துச் செடிக்கு அதைக் கொண்டுபோகும். மூன்று, விதை வழியாக நோய் வராது. இந்த மூன்றாவதைச் சுற்றித்தான் எல்லாம் நடந்தது.

கணக்கெடுப்பு என்றால் யாரும் சந்தோஷமாக உள்ளே விடுவதில்லை. வரிக்கு வந்திருக்கிறார்களோ, பட்டாவைப் பார்க்க வந்திருக்கிறார்களோ என்று சந்தேகம். பாறைச் சரிவு என்று அழைக்கப்பட்ட இடத்தில் எனக்கு முதலில் வழி விட்டவர் ஓர் அக்கா. நாற்பது வயதிருக்கும். அவர் கணவர் மலைக்குக் கீழே தேவாரம் ஊரில் மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மலையில் தங்கி, ஓடைக்கு அப்பால் குத்தகைக்கு எடுத்த கொஞ்ச நிலத்தில் விதையிலிருந்து ஏல நாற்று வளர்த்து விற்றார். மழை தொடங்கும்போது நாற்று போகும். போன பிறகு அடுத்த ஆண்டுக்குக் குத்தகை கட்டுவார். நாற்று நின்றுவிட்டால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். அவருடைய பிழைப்பின் மொத்தக் கணக்கும் அவ்வளவுதான்.

"என்ன ஆத்தா, இலையத் தடவித் தடவிப் பாக்குற? ஜாதகமா பாக்குற?"

"நோய் இருக்கான்னு பாக்குறேன்க்கா."

"இருந்தா?"

"எத்தனை தூர்ல இருக்குன்னு எழுதிக்குவேன். எல்லாச் சரிவையும் பாத்து முடிச்சா அறிக்கை வரும். உங்களுக்கெல்லாம் பிரயோசனமா இருக்கும்."

"நீ எழுதிட்டுப் போனா கட்டை பயந்து ஓடிருமாக்கும்?" என்று சிரித்தார். பிறகு, "சரி, பாத்துட்டுப் போ. நாத்த மிதிக்காத. மிதிச்ச, நீயே வந்து நட்டுட்டுப் போகணும்" என்றார்.

ஜீப் புகை மலைக்கு வந்த பிறகுதான் கட்டையும் வந்தது என்பது அவருடைய முடிவு. பூச்சியைப் பிடித்துக் கண்ணாடி வழியாகக் காட்டினேன். "இம்புட்டுப் பூச்சிக்கு இம்புட்டுச் சோலியா? போ ஆத்தா" என்றார். கடைசி வரைக்கும் அந்த நம்பிக்கையை மாற்ற முடியவில்லை. ஆனால் அவர் வழி விட்டதும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் விட்டன. "அந்தப் புள்ள பட்டாவக் கேக்காது, இலையத்தான் கேக்கும்" என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

பாறைச் சரிவில் நோய் அதிகம். வளர்ந்த தூர்களில் கோடு தெரியாத வரிசையே குறைவு. ஆனால் ஓடைக்கு அப்பால் இருந்த அக்காவின் நாற்றங்காலில், ஒவ்வொரு பாத்தியாக, வெவ்வேறு மாதங்களில் வந்து பார்த்தும் ஒரு நாற்றில்கூடக் கோடு இல்லை. பக்கத்தில் நோய்த் தூர் கிடையாது. விதை வழியாகவும் வராது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதையும் எழுதினேன்.

எங்கள் அதிகாரி நேர்மையானவர். ஆராய்ச்சி அலமாரியில் தூங்கக் கூடாது, மக்களிடம் போக வேண்டும் என்பதை மனதார நம்பியவர். அந்த நம்பிக்கையோடுதான் என் நீண்ட அட்டவணையைச் சுருக்கினார்.

"ஏம்மா, தோட்டக்காரர் படிக்கணும்னா எளிமையா இருக்கணும். சரிவோட பேர், நோய் எவ்வளவு. ரெண்டே கட்டம். அதுக்கு மேல கண்ணு போகாது."

"நாற்றங்காலைத் தனிக் கட்டமாப் போட்டுடலாம் சார். இல்லேன்னா நாத்துக்கும் நோய் இருக்குன்னு நெனச்சுக்குவாங்க."

"அதான் உள்ளே விவரமா எழுதியாச்சே."

எழுதியாகிவிட்டதுதான். ஆங்கிலத்தில், முடிவுரைக்கு முந்தைய பத்தியில், ஒரு நீண்ட வாக்கியத்தின் பின்பாதியில். தமிழில் பெயர்த்தது அட்டவணையை மட்டும். அறிக்கையின் படிகள் அலுவலகங்களுக்கும், வியாபாரிகள் சங்கத்துக்கும், பெரிய எஸ்டேட்டுகளுக்கும் போயின. நான் கணக்கெடுத்த சரிவுகளில் ஒன்றுக்கும் போகவில்லை. அங்கே தபால்காரர் வருவதில்லை என்பது காரணம். எனக்கு வந்த படியை அம்மா வாங்கி, ஓரத்தில் சந்தனம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். அவரளவில் அது என் பெயர் அச்சில் வந்த தாள். அந்தப் படி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

மற்ற படிகள் என்ன செய்தன என்று சொல்ல, போடியில் ஏலக்காய் எப்படிக் கைமாறுகிறது என்று சொல்ல வேண்டும். ஏலக் கூடத்தில் வியாபாரி தட்டிலிருந்து ஒரு கை அள்ளுவார். நிறம் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், ஒன்றைப் பிளந்து விதை பார்ப்பார். பிறகு நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்பார்: எந்தச் சரிவு? பதிலைக் கேட்டதும் அவர் முகத்தில் வரும் மாற்றத்தில்தான் விலை இருக்கிறது. தோட்டக்காரர் யார் என்பது பின்னால் வரும் சங்கதி. பெண் கேட்டுப் போகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் ஊரை விசாரிப்பது மாதிரி, போடி சரிவை விசாரிக்கும். ஒரு சரிவுக்குப் பெயர் விழுந்தால் அந்தச் சரிவில் விளைந்த எல்லாவற்றுக்கும் விழுந்ததுதான். சரக்குக்கு மட்டுமல்ல, தட்டைக்கு, நாற்றுக்கு, அங்கே வேலை பார்த்த கங்காணிக்கும்கூட.

அந்த ஊருக்குள் நாங்கள் சரிவு வாரியாக ஓர் அட்டவணையை அனுப்பினோம். அரசாங்க முத்திரையோடு.

ஒரு மளிகை மொத்தக் கடையில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில். அதுவும் ஒரு விலைப் பட்டியல்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மழைக்கு முன் நாற்றுக்குச் சொல்லி வைத்தவர்கள் ஒவ்வொருவராக அக்காவிடம் வராமல் போனார்கள். ஒருவர் குழி இன்னும் வெட்டவில்லை என்றார். ஒருவர் இந்த ஆண்டு நடவே இல்லை என்றார். மூன்றாவது ஆள்தான் வாய் திறந்து சொன்னார். நான் அடுத்த முறை போனபோது அக்கா பாத்திக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை, சிரிக்கவில்லை.

"என்ன ஆத்தா எழுதி வச்ச?"

"உங்க நாத்துல நோய் இல்லேன்னுதான்க்கா எழுதினேன்."

"அப்ப ஊருல வேற மாதிரில்ல பேசுறானுக. சர்க்கார் பேப்பர்ல பாறைச் சரிவு பூராம் கட்டைன்னு போட்டுருக்காம். படம் புடிச்ச மாதிரிச் சொல்றான். நீ எனக்குப் படிச்சுக் காட்டுனியா? யாரு யாருக்கோ குடுத்த. எண்ண விட்டது நானு. எனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

பதிலாக நான் விளக்கத் தொடங்கினேன். வளர்ந்த தூர் வேறு, நாற்று வேறு என்று. பாதியில் நிறுத்தினார். "எனக்கெதுக்கு ஆத்தா சொல்ற? எனக்குத் தெரியாதா என் நாத்து? வாங்குறவன்கிட்டப் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன். ஆண்டுதோறும் அக்காவிடம் அதிக நாற்று எடுத்தவர் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி. மலையில் அவருக்குப் புதுத் தோட்டமும் உண்டு. அப்பாவுக்கு அறிமுகமானவர்.

"வா தங்கச்சி. ஒங்க அறிக்கையத்தான் எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். அருமையான வேல. இத்தன வருசமா வாய்ப்பேச்ச நம்பியே வாங்கிட்டோம்."

"அண்ணே, அதுல பாறைச் சரிவுன்னு போட்டிருக்கிறது வளந்த தூரோட கணக்கு. நாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. விதையில கட்டை வராது."

"அதுல எழுதியிருக்கா?"

"இருக்கு. உள்ளே. இங்கிலீஷ்ல."

"உள்ள இருக்குறத எவன் பாக்கப்போறான்? வெளிய மேல இருந்து ரெண்டாவதா நிக்குதே பாறைச் சரிவு." விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டினார். "கோயில் சரிவு கடேசில இருக்கு. அங்கதான் ஆள் அனுப்பியிருக்கேன். நாத்து கொஞ்சமாத்தான் வச்சிருக்கானாம். மிச்சத்துக்குத் தட்டை எடுத்துக்கிற வேண்டியதுதான். ஒரு லோடு எறங்கியாச்சு."

"தட்டையிலதான் அண்ணே வரும்! கோயில் சரிவுல கொறைச்சல்தான், இல்லேன்னு சொல்லலையே. நோயுள்ள தூர்ல ஒரு தட்டை வந்தாக்கூட உங்க தோட்டம் பூரா..."

"கொறைச்சல்னு நீங்கதானம்மா போட்டிருக்கீங்க."

அவர் முட்டாள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் ஒன்ன நம்புறேன். நாளைக்கு என் காயக் கையில அள்ளுறவன், நாத்து எங்க எடுத்தேன்னு கேப்பான். அவனுக்கு ஒன்னயா கூட்டிப் போய் நிறுத்த முடியும்?"

எங்கள் ஆராய்ச்சியைப் படித்ததால் அவர் நோயில்லாத நாற்றை விட்டுவிட்டு நோய் கொண்டுவரக்கூடிய தட்டையை வாங்கியிருந்தார். படிக்காமல் இருந்திருந்தால் வழக்கம்போல அக்காவிடம் வாங்கியிருப்பார்.

அதிகாரியிடம் திருத்தம் கேட்டேன். அவர் அட்டவணையை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்.

"இதுல தப்பு எங்கே இருக்கு?"

"தப்பு இல்லை சார். விட்டுப்போனது இருக்கு."

"தப்பு இருந்தாத்தானேம்மா திருத்தம்? நாம உண்மையைக் கொடுத்துட்டோம். அவங்க எப்படி எடுத்துக்கிறாங்கங்கிறது நம்ம கையில இல்லை. வேணும்னா அடுத்த வருஷ அறிக்கையில சேர்த்துடலாம்."

"அடுத்த வருஷம் அந்த நாத்து இருக்காது சார்."

"ஒரு நாற்றங்காலுக்காக அறிக்கை எழுத முடியுமா?"

நானே தமிழில் நாலு வரி எழுதினேன். தட்டை வேண்டாம், விதை நாற்று நடுங்கள், எந்தச் சரிவு என்று பார்க்காமல் நாற்றின் குருத்தைப் பாருங்கள், பாறைச் சரிவு ஓடைக்கு அப்பால் நல்ல நாற்று இருக்கிறது. காலையில் ஜீப்பில் உரக்கப் படித்தேன். பெண்கள் கவனமாகக் கேட்டார்கள். அவர்களில் யாருக்கும் சொந்தமாக ஒரு தூர்கூடக் கிடையாது. பொட்டிபுரத்து ஆள் ஒருவர் மட்டும் இறங்கி வந்து விவரம் கேட்டார். பிறகு போய் ஒரு கட்டு நாற்று எடுத்ததாக அக்கா சொன்னார்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கேட்டார்: "டாக்டரம்மா, நாத்துக்கு எம்புட்டுக் கமிசன்?"

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு முன்னால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தனியார் நாற்றங்காலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என் நல்லதுக்காகவே சொன்னார். எனக்கு அன்று புரிந்த விதி இது: எல்லாரையும் பற்றிப் பொதுவாகச் சொன்னால் அது சமூகப் பயன். அதனால் அடிபட்ட ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் அது சிபாரிசு. கெடுதல் ஒருத்தியின் பாத்திக்கு நேராகப் போய் இறங்கும். அதைச் சரிசெய்யப் போனால் மட்டும் பொதுவாகப் பேச வேண்டும்.

மழை பிடித்தது. மற்ற சரிவுகளில் நடவு நடந்தது. அக்காவின் நாற்று பாத்தியிலேயே உயர்ந்து, ஒன்றோடொன்று மோதிச் சாயத் தொடங்கியது. நிலத்தின் சொந்தக்காரர் ஒருமுறை வந்து சும்மா பார்த்துவிட்டுப் போனார். அக்கா என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தார். நான் போனால் பால் விடாத கட்டன் காப்பி மட்டும் வரும்.

அப்புறம் ஒரு நாள் கோயில் சரிவில் நாற்று விற்கிற ஆள் அங்கே நின்றிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார்.

"நாத்து கொள்ளாம், சேச்சி. நல்ல நாத்து. பேரு மட்டும் நம்ம பேரு. அத்தரயே உள்ளூ, அவ்வளவுதான்."

"வெலையச் சொல்லும். பேரு கெடக்கட்டும்" என்றார் அக்கா.

பாதி விலைக்கும் கீழே முடிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் நாற்று முழுவதும் ஜீப்பில் ஏறி மலையின் அந்தப் பக்கம் போனது. போய் இறங்கிய இடத்தில் அது கோயில் சரிவு நாற்றானது. குத்தகை கட்ட அந்தப் பணம் போதுமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டும் அவருக்கே மொத்தமாகத் தருவதாகப் பேச்சு.

நான் கொதித்துப் போனேன். "அக்கா, இது உங்க நாத்து. உங்க நாத்துதான் நல்ல நாத்துன்னு இதை வச்சே நிரூபிக்கலாம். எங்க நட்டிருக்காங்களோ அங்க போய்..."

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் பல வாரங்களுக்குப் பிறகு பழைய குரலில் பேசினார். "ஆத்தா, நீ நல்லவதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இத மட்டும் எங்கயும் எழுதிப்புடாத. வாயத் தொறந்தா, அவனும் வாங்க மாட்டான். புள்ளயப் பெத்தவ நானு, தூக்கிட்டுப் போறவன் அவன்னு இருந்துட்டுப் போகட்டும். நெலம் நிக்குதுல்ல?"

எனக்குத் தெரிந்ததிலேயே மலைக்கு மிகவும் பயன்படக்கூடிய உண்மை அது. கோயில் சரிவு என்று நம்பி வாங்கப்பட்ட அந்த நல்ல நாற்று பாறைச் சரிவில் முளைத்தது என்பது. அதைச் சொன்னால் ஊருக்கு ஒரு பாடம் கிடைக்கலாம். அக்காவுக்கு நிலம் போய்விடும். சொல்வதாக இருந்தால் யாருடைய அனுமதியோடு? அந்தத் தகவல் நிலையத்துடையதா, என்னுடையதா, அவருடையதா? யோசித்துப் பார்த்தால் முதல் கணக்கெடுப்பிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நான் சொல்லவில்லை.

மறு வருடம் வியாபாரி ஆள் அனுப்பி என்னைத் தன் புதுத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். மேட்டுப் பக்கம் நாற்று, பள்ளத்துப் பக்கம் தட்டை நட்டிருந்தார். முதலில் மேட்டுக்குத்தான் கூட்டிப்போனார்.

"பாத்தியா தங்கச்சி? எல்லாம் கோயில் சரிவு. ஒங்க அறிக்கையப் பாத்து எடுத்தது. ஒன்னுலயாச்சும் கோடு இருக்கா சொல்லு. ஒங்க சாருகிட்டச் சொன்னேன், ரொம்பச் சந்தோசப்பட்டாரு. எழுதிக்கிர்றேன்னாரு."

குனிந்து குருத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பாத்தியில் நெருக்கமாக நின்று வளர்ந்ததால் அடித்தண்டு சற்று வளைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த வளைவு. எந்த ஓடைக்கரையில் அப்படி நின்றன என்று எனக்குத் தெரியும்.

"நல்ல நாத்து அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

பள்ளத்துக்கு இறங்கினோம். மூன்றாவது தூரிலேயே கோடுகள் தெரிந்தன. பக்கத்துத் தூரிலும். அடுத்த வரிசையிலும் ஆங்காங்கே. காட்டினேன். அவர் வெகுநேரம் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதுவும் கோயில் சரிவுதானேம்மா?"

"சரிவு இல்லண்ணே விஷயம். அது நாத்து. இது தட்டை. விதையில வராது, தட்டையில வரும். போன வருஷம் உங்க கடையில சொன்னதுதான். இந்தத் தூரையெல்லாம் இப்பவே எடுக்கணும். விட்டா மேட்டுக்கும் ஏறிரும்."

அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார் என்றே நினைத்தேன். பணியாட்களைக் கூப்பிட்டு மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். நான் நோய்த் தூர்களுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டே போனேன். முதல் தூரின் வேர் மண்ணோடு பெயர்ந்து வந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப கோயில் சரிவும் கெட்டுப்போச்சு. சரி, அடுத்த வருசத்துக்கு எந்தச் சரிவுல தட்டை எடுக்கலாம், சொல்லு."